கரைக்கு உடையவர் யார்?

ஒரு பொருளால் ஊதியம் வருங்காலத்தில், அதற்கு உடையவர் யார் என்னும் கேள்விக்கு விடை எளிதிற் கிடைத்துவிடும். ‘எனது, எனது’ என்று பலர் முன்வருவர். அப்பொருளால் பிறர்க்குத் தீங்கு நேருங்காலத்திலோ, அதே கேள்விக்கு விடையளிப்பார் ஒருவரும் இலர். உலகியலின் இவ்வுண்மையை நான் சட்ட நூல்களில் முதலிற் கற்கவில்லை. தஞ்சோங் மாலிமுக்கு அருகில், பால்மரக் காட்டின் நடுவே, ஒரு மண்கரையின்மேல் நின்று கற்றேன். கற்பித்தவர் எழுத்தறியாத என் பாட்டனார். அக்கரையின் கதையை நேயர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தஞ்சோங் மாலிம் பேராக் மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது. பெர்ணம் ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர். 1922-இல் நிறுவப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியால் மலாய் மக்களிடையே பெயர் பெற்ற இவ்வூர், இன்று அக்கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்தமையாலும், புரோட்டான் மோட்டார் வண்டித் தொழிற்சாலையாலும் அறியப்படுகின்றது. நம்மவர்க்கோ இது தோட்டங்களின் சந்தை ஊர். சம்பள நாளன்று சாமான் வாங்க இறங்கிய ஊர். ஊருக்குக் கிழக்கே மலைத்தொடர் நீலமாய் நிற்கும். அங்கிருந்து இறங்கி வரும் ஓடை ஒன்றை மறித்து, நான் பிறந்த தோட்டத்தில் வெள்ளைத்துரை காலத்தில் ஒரு மண்கரை கட்டியிருந்தார்கள். பதினான்கடி உயரம், நீளம் அறுபது கஜம் இருக்கும். தேங்கிய நீர் ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரந்திருந்தது. அந்நீர் முதலில் ரப்பர் நாற்றங்காலுக்கும் பால் காய்ச்சும் ஸ்டோருக்கும் பாய்ந்தது. எஞ்சியது கீழே கம்பத்து மலாய்க்காரரின் வயல்களுக்குப் போயிற்று.

கரைக்கு நேர் கீழே எங்கள் லயங்கள் இருந்தன. ஏன் அங்கே கட்டினர் என்று சிறுவனாயிருந்தபோது நான் வியந்ததில்லை. இப்பொழுது விளங்குகின்றது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானே வரும். குழாயின் செலவு குறையும். அந்தச் சிக்கனத்துக்காக நாற்பது குடும்பங்களைத் தண்ணீரின் காலடியில் குடியமர்த்தினர். மூன்று ஏக்கர் பரப்பில் சராசரி ஆறடி ஆழம் என்று கொண்டால், அங்கே நின்ற நீரின் நிறை இருபத்தீராயிரம் டன்னாகும். அத்துணை நிறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் இரவுதோறும் உறங்கினோம்.

என் பாட்டனார் வட ஆர்க்காட்டுக்காரர். கார்வேட்டி நகர் ஜமீனைச் சார்ந்த சிற்றூர் ஒன்றிலிருந்து கங்காணியின் பின்னே கப்பலேறியவர். ஊரில் அவருடைய குடும்பத்துக்கு ஏரிக்கரையைப் பார்த்துக்கொள்ளும் தொழில். மதகைத் திறப்பதும் அடைப்பதும், கரையில் விழும் வளைகளை மூடுவதும், மழைக்கு முன்னர்க் கலிங்கைத் துப்புரவு செய்வதும் அவர்கள் கடமை. இங்கு வந்து பால்மரம் சீவினார். எனினும், தோட்டத்துக் கரையைக் கண்ட முதல் நாளே அவர் கால் அதன்மேல் ஏறிவிட்டது. துரை ஒருவர் அதனைக் கண்டு, சீவுமரத்திலிருந்து எடுத்துக் கரைக்காவலில் அமர்த்தினார். செக்ரோலில் அவர் பெயருக்கு எதிரே ‘அணை’ என்று கிராணி எழுதி வைத்தாராம். அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை மிகுதி.

மாலையில் அவருடன் கரையிற் செல்வேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கரையின் மேற்புறத்தை நோக்கமாட்டார். அடிவாரத்தையே நோக்கிக்கொண்டு நடப்பார். “தாத்தா, தண்ணி மேலே இருக்குது, நீங்க கீழே பாக்கறீங்களே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மேலே இருக்கிற தண்ணி ஊருக்கே தெரியுண்டா பையா. உள்ளே போற தண்ணிதான் கள்ளன்” என்றார்.

மண்கரை எதுவும் சிறிது கசியும். அதனால் அஞ்ச வேண்டுவதில்லை. கசிவு தெளிந்து வரும்வரையில் கரை நலமாயிருக்கின்றது. கசிவு கலங்கி வருமாயின், நீர் வெறுங்கையோடு வரவில்லை, கரையின் மண்ணையும் உடன்கொண்டு வருகின்றது என்று பொருள். உள்ளே குழல்போல் ஒரு வழி அறுபட்டுக்கொண்டிருக்கின்றது. அவ்வழி சில நாழிகைகளில் வாயைத் திறந்துவிடக்கூடும். அப்போது களிமண்ணை அப்பி அடைக்க முயல்வது மடமை. நீர் வேறிடத்தில் உடைத்துக்கொண்டு வரும். பருமணலும் அதன்மேல் சரளையும் அதன்மேல் கல்லும் இட்டு, நீர் போகட்டும், மண் நிற்கட்டும் என்று செய்தல் வேண்டும். இதனைப் பொறியியல் வல்லுநர் வடிகட்டி என்பர். என் பாட்டனார் ‘சல்லடை வைக்கிறது’ என்பார். கரையில் வேரோடும் மரத்தை வளரவிடலாகாது என்பதும், கலிங்கு கரைக்கு மூக்குப் போன்றது, அதனைப் பொத்தினால் கரை செத்துவிடும் என்பதும் அவர் எனக்குச் சொன்ன மற்றைப் பாடங்கள். கரை கடந்து வழியும் நீர் மண்ணை அரித்துக் கரையையே கரைத்துவிடும், ஆதலின், மிகுந்த நீர் கரைமேல் ஏறாமல் வேறு வழியே போகவேண்டும், அவ்வழியே கலிங்கு.

கரையின் ஓரத்தில் ஒரு முனியாண்டிக் கல் இருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் லயத்தார் அங்கே சேவல் அறுப்பர். பாட்டனாரும் கும்பிடுவார். கும்பிட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கலிங்குக்குப் போவார். அவ்விரண்டில் எதனால் கரை நின்றது என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நிற்க. 1950-களிலும் 1960-களிலும் மலாயாவில் நேர்ந்த தோட்டத் துண்டாடலை நம்மில் மூத்தோர் மறந்திரார். வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டுப் பலர்க்கு விற்றனர். வேலையிழந்த தோட்டத்தாரைக் காக்கவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் பத்துப்பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முனைந்தார். எங்கள் தோட்டத்துக்கு அந்நல்வாய்ப்புக் கிட்டவில்லை. அது நான்கு துண்டாயிற்று. ஓடையின் மேல்பாகம் ஒருவருக்கு. நீர்ப்பரப்பும் கரையும் மற்றொருவருக்கு. லயங்கள் நின்ற நிலம் மூன்றாமவருக்கு. மரத்துக்கு விலை வைத்தார்கள். ஸ்டோருக்கு விலை வைத்தார்கள். தகரத்துக்கும் பலகைக்கும் விலை வைத்தார்கள். கரைக்கு விலை வைத்தார் எவரும் இலர். அது சொத்தென்றும் எண்ணப்படவில்லை, கடன் என்றும் எண்ணப்படவில்லை. செக்ரோலில் பாட்டனார் பெயருக்கு எதிரே இருந்த சொல்லை அடித்துவிட்டார்கள். மாதச் சம்பளம் நின்றது. அவருடைய நடை நிற்கவில்லை. “கூலி நின்னா கசிவு நிக்குமா?” என்பார்.

1971 சனவரியில் கோலாலம்பூரை வெள்ளம் சூழ்ந்தது. எங்கள் பக்கத்திலும் மழை விடவில்லை. புதிய உடையவர், நாற்றங்காலுக்கு நீர் கூடுதலாக வேண்டுமென்று கலிங்கின் குறுக்கே பலகை அடித்து நீர்மட்டத்தை ஓரடி உயர்த்தியிருந்தார். இரண்டாம் நாள் இரவு, அரிக்கன் விளக்குடன் அடிவாரம் சென்ற பாட்டனார் கசிவில் கையை விட்டுப் பார்த்தார். உள்ளங்கையில் மண் நின்றது. என் தந்தையும் லயத்து இளைஞரும் மணலையும் சரளையையும் கூடையிற் சுமந்தனர். மற்றும் நால்வர் கலிங்குப் பலகைகளைப் பெயர்த்தனர். மண்டோர் ஓடிவந்து, “முதலாளியைக் கேக்காம கைய வைக்காதீங்க” என்று தடுத்தார். “முதலாளி இங்கே வந்து படுக்கட்டும், கேட்டுக்கறேன்” என்றார் பாட்டனார். விடியற்காலையில் கசிவு தெளிந்தது. அப்பொழுது எனக்குப் பதினான்கு வயது. அன்று அவர் ஒரு கதை சொன்னார்.

அவருடைய ஊர்ப்பக்கத்தில், அவர் பாட்டன் காலத்தில், பெருமழையில் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில்பாதையை அடித்துக்கொண்டு போயினவாம். ரயில் கம்பெனி ராஜாவின்மேல் வழக்குத் தொடுத்ததாம். வழக்கு சீமைக்குப் போய், ராஜா வென்றாராம். “ஜெயிச்சது ராஜா இல்லடா. வருசா வருசம் கரையைச் சரியா வெச்சிருந்தானே, அவன் ஜெயிச்சான்” என்று முடித்தார்.

கிழவர் கதை என்று அதனை நெடுங்காலம் நினைத்திருந்தேன். பின்னர், ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின், சட்ட நூல்களைப் புரட்டிய ஒருநாள் அது என் முன் எழுந்து நின்றது. மதராஸ் ரயில்வே கம்பெனிக்கும் கார்வேட்டி நகர் ஜமீன்தாருக்கும் நடந்த வழக்கில், இலண்டன் பிரிவி கவுன்சில் 1874-இல் தீர்ப்பளித்திருக்கின்றது. அத்தீர்ப்பின் பொருளை அறிய, அதற்குச் சில ஆண்டுகள் முற்பட்ட மற்றொரு வழக்கை அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் லங்காஷயரில் ரைலாண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி தம் ஆலைக்கென நீர்த்தேக்கம் ஒன்று கட்டுவித்தார். 1860-இல் அந்நீர், அடியிலிருந்த பழஞ்சுரங்க வழிகளில் இறங்கி, பிளெச்சர் என்பாரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868-இல் பிரபுக்கள் சபை ஒரு விதியை நிலைநாட்டிற்று: தன் பயனுக்காகத் தன் நிலத்தில் இயல்பல்லாத ஒன்றைக் கொணர்ந்து சேர்த்தவன், அது வெளியேறித் தீங்கு செய்யுமாயின், தான் கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இவ்விதியையே ரயில் கம்பெனி ஜமீன்தாருக்கு எதிராகக் காட்டிற்று. பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. ஏன்? நம் நாட்டு ஏரி ஒருவனுடைய தனி ஊதியத்துக்காக எழுந்ததன்று. தொன்றுதொட்டு ஊரார் பிழைப்புக்காக நிற்பது. ஜமீன்தார் நினைத்தாலும் அதனை அழித்துவிட உரிமை இல்லை. அதனைக் காத்துப் பழுதுபார்க்கும் கடமை அவர் நிலவுரிமையோடு பிணைந்தது. அக்கடமையில் அவர் தவறியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆதலின் அவர் பொறுப்பாளியல்லர். அன்பர்களே, இங்கே ஊன்றி நோக்குங்கள். இத்தீர்ப்பு உடையவரைத் தப்பவிட்ட தீர்ப்பென்று சிலர் கொள்ளக்கூடும். உண்மையில் அது உரிமைக்கு மறுபெயர் கடமை என்று சொன்ன தீர்ப்பு. கரையைக் காத்தவன் தப்பினான். காவாதவனுக்கு அதில் நிழல் இல்லை. என் பாட்டனார் எழுத்தறியாமலேயே அத்தீர்ப்பின் உயிர்நாடியைப் பிடித்திருந்தார்!

ஏரியுடைய ஜமீன்கள் இன்றில்லை. 1948-ஆம் ஆண்டின் மதராஸ் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் வழியே அவை அரசின் கைக்கு மாறின. ஆனால் தோட்டக்கரை ஏரி அன்று. அது ஊரார்க்காகப் பிறந்ததில்லை. ஒரு கம்பெனியின் நாற்றங்காலுக்காகப் பிறந்தது. ஆகவே ஜமீன்தாருக்குக் கிடைத்த சலுகையை அதன் உடையவர் கேட்கவும் நியாயமில்லை.

பாட்டனார் மறைந்தார். நான் ஊருக்குள் குடிபெயர்ந்தேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கரையின் கீழே பழைய லயத்துக் குடும்பங்கள் சில பெயராமல் தங்கின. அருகே புதிய வீடுகளும் எழுந்தன. சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மழைக்குச் சற்று முற்பட, பாட்டனார் நினைவாக அங்கே சென்றேன். கரைமேல் மரங்கள் தொடையளவு பருத்து நின்றன. கலிங்கைக் காணவில்லை! லாரி செல்லுதற்காக அதனை மண்ணிட்டு நிரவி, அடியில் ஒரே ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்திருந்தார்கள். அக்குழாயின் வாயிலும் மீன் வெளியேறாதபடி கம்பிவலை கட்டி, அவ்வலையில் செம்பனை மட்டையும் குப்பையும் அடைத்துக்கிடந்தன. மூக்கைப் பொத்தியாயிற்று.

உடையவரைத் தேடப் புறப்பட்டேன். ஓர் அலுவலகத்தில், “நிலம் தனியாருடையது, நாங்கள் நுழைவதற்கில்லை” என்றனர். மற்றோர் அலுவலகத்தில், “இக்கரை எங்கள் பட்டியலில் இல்லை” என்றனர். கிராண்டில் பெயருள்ள கம்பெனியின் எழுத்தர், “நாங்கள் குத்தகைக்கு விட்டுவிட்டோம், ஐயா, குத்தகைக்காரரைக் கேளுங்கள்” என்றார். குத்தகைக்காரரோ, “நான் மீன் வளர்க்கக் குத்தகை எடுத்தேன். கரை எனக்கு எதற்கு?” என்றார். நால்வரும் மரியாதையாகவே பேசினர். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுவே என்னை அச்சுறுத்தியது. பொய்யனைப் பிடித்துவிடலாம்; ஆளுக்கொரு துண்டு உண்மையை வைத்துக்கொண்டிருப்பவர்களை எங்ஙனம் பிடிப்பது?

அம்மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தது. மூன்றாம் நாள் பிற்பகல் நீர் கரையுச்சிக்குச் சாண் அளவு கீழே நின்றது. கீழிருந்த வீடுகளில் தமிழரும் மலாய்க்காரரும் வங்காளத் தொழிலாளரும் இருந்தனர். பெண்டுபிள்ளைகளை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆண்கள் மண்வெட்டியுடன் வந்தனர். பழைய கலிங்கு எங்கிருந்தது என்று அறிந்தவன் அங்கே நான் ஒருவனே. என் கால் அவ்விடத்தைக் காட்டிற்று. வெட்டினோம். பாட்டனார் காலத்துக் கருங்கல் தளம் வெளிப்பட்டபோது என் கண் கலங்கியது, மறைக்கவில்லை. இருட்டுமுன் நீர் அத்தளத்தின்மேல் ஓடி, வாய்க்கால் வழியே ஓடையிற் சேர்ந்தது. கரை பிழைத்தது.

மறுநாட் காலை ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையிற் குறிப்புப்புத்தகம் இருந்தது. கலிங்கு வழியே எத்தனை மீன் போயிற்று என்று கணக்கெடுக்க வந்தவர். நட்டத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். இவ்வளவு நாள் நான் தேடியதற்கு அன்று விடை கிடைத்தது. மீனுக்கு உடையவர் இருந்தார். கரைக்கு உடையவர்தாம் இல்லை.

இஃது எங்கள் தோட்டத்துக்கு மட்டும் நேர்ந்த கொடுமையன்று. ஹவாயித் தீவுகளில் காவாயித் தீவிலே, 1890-இல் கரும்புத் தோட்டத்துப் பாசனத்துக்காக காலோக்கோ என்னும் மண்ணணையைக் கட்டினர். கரும்பாலை போனபின் அது தனியார் நிலத்தில் நின்றது. 2006 மார்ச் 14-ஆம் நாள், வாரக்கணக்கில் பெய்த மழைக்குப்பின் அது உடைந்து எழுவரைக் கொன்றது. மிகுநீர் போகும் வழி மண்ணிட்டு மூடப்பட்டிருக்க வேண்டும் என்று விசாரணை கண்டது. அரசாங்கத்தார் அவ்வணையை ஒருமுறையேனும் சோதித்ததில்லை என்பதும் வெளிப்பட்டது. உடையவர் வழக்கில் சிக்கி ஏழு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். கலிங்கை மூடுவது எத்துணைக் கொலைத்தொழில் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? கென்யாவில் நகூரு வட்டாரத்துச் சோலாய் என்னுமிடத்தில், தனியார் பண்ணை ஒன்றின் பாசன அணை 2018 மே 9-ஆம் நாள் இரவு உடைந்தது. உறக்கத்தில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஏழைகள் மாண்டனர். அவர்களுட் பலர் குழந்தைகள். இவ்விரண்டிடத்தும் நீர் யாருக்குப் பயன்பட்டதோ அவர் கீழே குடியிருக்கவில்லை. கீழே குடியிருந்தோர்க்கு அந்நீரில் உரிமையும் இல்லை, அதன்மேற் கண்ணும் இல்லை.

நமக்கு மிக அருகிலும் ஒரு பாடம் உண்டு. தஞ்சோங் மாலிமிலிருந்து பழைய சாலை வழியே தெற்கே சென்றால் குவாலா குபு. அங்கிருந்த பழைய மண்ணணை 1883 அக்டோபர் 29-ஆம் நாள் உடைந்து ஊரை அடித்துச் சென்றது. வட்டார நீதிபதியாயிருந்த செசில் ராங்கிங் என்னும் ஆங்கிலேயரும் மக்கள் பலரும் மாண்டனர். அணையைக் காத்து வந்த வெள்ளை முதலையை அந்நீதிபதி சுட்டுவிட்டார், அதனால் அணை உடைந்தது என்று மக்கள் கதை கட்டினர். அக்கதையை நான் நகையேன். கரையைக் காக்கும் மனிதன் இல்லாத இடத்தில், மக்கள் காவலுக்கு ஒரு முதலையையாவது வைத்துக்கொள்கின்றனர். எங்கள் முனியாண்டியும் அவ்வாறு வந்தவரே. ஆயினும் முதலை கலிங்கைத் துப்புரவு செய்யாது.

எங்கள் ஊருக்குப் ‘பொறுப்பு’ என்னும் சொல்லும் புதியதன்று. 1952 மார்ச்சில், அறுக்கப்பட்ட நீர்க்குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற அதிகாரிகளும் போலீசாருமாகப் பன்னிருவர் தஞ்சோங் மாலிமுக்கு அருகே கொல்லப்பட்டனர். அதற்காக ஜெனரல் டெம்பளர் ஊர் முழுவதையும் தண்டித்தார். நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணிநேரம் ஊரடங்கு; அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. ஒரு நீர்க்குழாய்க்காக ஆயிரக்கணக்கானோரைப் பொறுப்பாளிகளாக்க அன்றைய ஆட்சிக்கு வழி தெரிந்திருந்தது. ஒரு நீர்க்கரைக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாளியாக்க இன்று நமக்கு வழி தெரியாதா?

வழி உண்டு, உலகம் அதில் நடந்தும் இருக்கின்றது. வேல்ஸ் நாட்டில் டால்கரோக் என்னும் சிற்றூர், ஓர் அலுமினியக் கம்பெனியின் அணைகள் 1925-இல் உடைந்தமையால் பதினாறு உயிர்களை இழந்தது. அதன் விளைவாகப் பிரித்தானியர் 1930-இல் சட்டம் இயற்றி, பெரிய நீர்த்தேக்கங்களைத் தகுதி பெற்ற பொறியாளர் குறித்த காலங்களில் சோதிக்க வேண்டும் என்று விதித்தனர். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், அணைக்கு உடையவர் அதன் காப்புக்கு உடையவர் என்கின்றது. இவற்றிலும் ஒரு குறை காண்கின்றேன். பிரித்தானியரின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தையாயிரம் கன மீட்டருக்கு மேற்பட்ட தேக்கங்களையே கணக்கிற் கொண்டது. இந்தியச் சட்டம் பதினைந்து மீட்டர் உயரமுடைய அணைகளையும், பத்து மீட்டருக்கு மேற்பட்டவற்றுட் சிலவற்றையுமே நோக்குகின்றது. எங்கள் கரை எந்தச் சல்லடையிலும் நில்லாது நழுவிவிடும். அளவை நீரைக்கொண்டு மட்டும் வகுத்தல் போதாது. கீழே உறங்கும் உயிர்களைக்கொண்டும் வகுத்தல் வேண்டும். உச்சியில் யாருமற்ற பள்ளத்தாக்கின்மேல் நிற்கும் பேரணையைக் காட்டிலும், நாற்பது வீட்டின் தலைமாட்டில் நிற்கும் சிறு கரை கொடியது.

நம் நாட்டில் சட்டத்தின் வேர் முன்னமே உள்ளது. பேராக்கில் வழங்கும் 1920-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி ஆறுகள் மாநில ஆட்சியாளர்க்கு உரியவை. உரிமமின்றி ஆற்றுநீரைத் திருப்பலாகாது. ஆகவே, எங்கள் ஓடையின் நீரை எவரும் தம் சொத்தென்று சொல்லிவிட முடியாது. அவர் பெற்றது இரவல். இரவல் வாங்கியவன், பொருளை வைத்திருக்கும் பாத்திரத்துக்குப் பிணை நிற்க வேண்டாவா?

நான் வேண்டுவது நான்கே. முதலாவது, மனிதர் வாழும் இடத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு கரையிலும் ஒரு கல் நட்டு, அதற்கு உடையவர் இன்னார், கடைசியாகச் சோதித்தது இன்ன நாள் என்று எழுதிவைத்தல் வேண்டும். இரண்டாவது, நிலம் கைமாறும்போது கரையின் பொறுப்பும் பத்திரத்தில் எழுதிக் கைமாறவேண்டும். குத்தகைக்கு விட்டேன் என்பது விடையாகலாகாது. மூன்றாவது, கலிங்கைத் தொடுவதும் நீர்மட்டத்தை உயர்த்துவதும் அனுமதியின்றிச் செய்யத்தகாத குற்றமாகவேண்டும். நான்காவது, கீழே வாழ்வோர்க்கு அக்கல்லைப் படிக்கவும், கேள்வி கேட்கவும், ஆபத்து நேர்ந்தவிடத்து மண்வெட்டியை எடுக்கவும் உரிமை வேண்டும். மீன்கணக்குக் கேட்பவர்க்கு அஞ்சி அவர்கள் கை நடுங்கலாகாது.

தோழர்களே, துண்டாடப்பட்ட தோட்டங்களிலும், கைவிடப்பட்ட ஈயக்குட்டைகளின் ஓரங்களிலும், புதிய குடியிருப்புகளின் பின்புறத்திலும் நம்மவர் பலர் வாழ்கின்றனர். உங்கள் வீட்டுக்கு மேலே நீர் நிற்குமாயின், ஒருநாள் மாலை எழுந்து சென்று அதன் அடிவாரத்தைப் பாருங்கள். கசிவில் கையை விட்டுப் பாருங்கள். கலிங்கு திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்; எனக்குக் காட்டியவர் ஒருவர் இருந்தமையாலன்றோ அன்று என் கால் இடத்தைக் காட்டிற்று!

எங்கள் கரையில் இன்னும் பெயர்க்கல் நடப்படவில்லை. கீழுள்ள வீட்டார் முறைவைத்துக் கலிங்கைக் காத்து வருகின்றனர். கூலி இல்லாத அவ்வேலை, பாட்டனாருக்குப் பின் அவர்கள் தோளில் ஏறியிருக்கின்றது. அதை அவர்கள் செய்வது நன்று. ஆனால் உடையவர் உறங்க, உறங்கவேண்டியவர் விழித்திருக்கும் இம்முறை நெடுநாள் நில்லாது. கரைக்கு உடையவர் யார் என்று உரக்கக் கேளுங்கள். மழைக்கு முன்னரே கேளுங்கள்.